முனியாண்டி கிடாவும் என் பள்ளிக்கூடமும்

கிடா சிலுப்பவில்லை.

அப்பா முதல் செம்புத் தண்ணீரை ஊற்றினார். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர். அது கிடாவின் முதுகில் விழுந்து, வயிற்றுப் பக்கம் வழிந்து, முனியாண்டி மேடைக்கு முன்னால் இருந்த மண்ணைச் சேறாக்கியது. கிடா அசையவில்லை. கழுத்தை வளைத்து, தனக்குப் போட்டிருந்த மாலையிலிருந்து ஒரு பூவைக் கடித்துத் தின்றது.

"இன்னொரு செம்பு ஊத்துப்பா" என்றார் பூசாரி.

ஊற்றினார். கிடா இன்னொரு பூவைத் தின்றது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடனே கைக்குட்டையை எடுத்துவிடாதீர்கள். இந்தத் தொடரைப் படித்துவிட்டு, 'அம்மா, அந்தக் காலத்தில் வாயில்லா ஜீவன்களோடு எத்தனை அன்பாக வாழ்ந்திருக்கிறீர்கள்' என்று எழுதும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மாட்டைப் பற்றி உருகுங்கள், வாத்தைப் பற்றி உருகுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். இந்தக் கிடா எப்போது சாகும் என்று நான் இரண்டு வருஷம் காத்துக் கிடந்தவள். அது செத்தால்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

அதனால்தான் அழுகை வந்தது.

சாமியின் உத்தரவு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. மாலை போட்டு, சாமிக்கு முன்னால் நிறுத்தி, தலையிலும் முதுகிலும் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் சாமிக்கு ஏதோ மனக்குறை. என்ன குறை என்று கண்டுபிடித்துத் தீர்க்கும்வரை அரிவாள் இறங்கக்கூடாது.

தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலுப்பத்தானே செய்யும், இதில் உத்தரவு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். நாங்களும் அந்தத் தைரியத்தில்தான் விடியற்காலையிலேயே மசாலா அரைத்து வைத்திருந்தோம்.

கப்பலுக்குப் பதில் மாடு

மலாயாவில் கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் எங்கள் குத்தகை நிலம். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடு, மாட்டுக்கொட்டகை, ஒரு கிணறு. நிலத்தின் கோடியில் ஒரு மரம். அதன் அடியில் முனியாண்டி.

அப்பா அதற்கு முன்னால் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்தபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள். "பேசாம ஊருக்குக் கப்பலேறிடுவோம் தம்பி" என்றாள் அத்தை. அத்தை அப்பாவுக்கு அக்கா, வாலிபத்திலேயே கணவனை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவள். அவள் சொன்னதை அப்பா தட்டியதே கிடையாது. அந்த ஒரு முறை தட்டினார். கப்பலேறாமல் மாடு வாங்கினார்.

மரத்துப் பாலை விட்டுவிட்டு மாட்டுப் பாலுக்கு வந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். காலையில் கறந்து, சைக்கிளில் கட்டி, கிள்ளான் காப்பிக் கடைகளுக்குக் கொண்டுபோவார். அதில் மாடு எவ்வளவு, கிணறு எவ்வளவு என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். "காப்பியில எப்படியும் தண்ணிதானே ஊத்துறான்" என்பாள் அம்மா.

கொட்டகையில் பொழுது விடிவதே சண்டையில்தான். லட்சுமி என்ற பசு, அத்தை பக்கத்தில் வந்தால் உதைக்கும். கோழிகள் தவிட்டுப் பானைக்குள் முட்டையிடும். அம்மா எல்லாவற்றையும் வைவாள். மாட்டை வைகிறாளா, அத்தையை வைகிறாளா என்று தெரியாதபடி வைவதில் அவளுக்கு ஒரு தனித் திறமை இருந்தது.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சீனருடைய காய்கறித் தோட்டம். அவரை நாங்கள் அப்பேக் என்றுதான் கூப்பிடுவோம், சீனத்தில் பெரியப்பா என்று அர்த்தம். எங்கள் சாணி அவருக்கு, அவருடைய கீரையும் வெள்ளரியும் எங்களுக்கு. நல்ல சிநேகம். கிடா வரும்வரை.

"கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க"

அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, ஒரு நாள் ஆளே அடையாளம் தெரியாமல் பிதற்ற ஆரம்பித்தார். அம்மா மரத்தடிக்கு ஓடினாள். அன்றைக்குத்தான் எங்கள் ஆடு ஒரு குட்டி போட்டிருந்தது, கறுப்புக் கிடாக்குட்டி, உடம்பில் ஒரு வெள்ளை மயிர் கிடையாது. "முனியாண்டி, அவரை எழுப்பி உக்கார வச்சிடு, இந்தக் கிடா உனக்குத்தான்" என்று வேண்டிக்கொண்டாள்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். கிடாவும் எழுந்து நின்றது. அதிலிருந்து எங்கள் வீட்டில் கிடாவின் ராஜ்ஜியம்தான்.

சாமிக்கு நேர்ந்ததைக் கட்டிப்போடக் கூடாது. அடிக்கக் கூடாது. திட்டக் கூடாது. அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், அதற்கு மரியாதை கொடுத்தே பேச ஆரம்பித்தாள். அரிசிப் பானையில் தலையை விட்டுக்கொண்டு நிற்கும் கிடாவிடம் கையைக் கட்டிக்கொண்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க சாமி" என்பாள். அது போகாது. அவள்தான் போவாள். எங்கள் கறுப்பன் நாய் அதன் கொம்புக்குப் பயந்து, கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு குரைக்கப் பழகிவிட்டது.

முதல் ஆடியில் கிடா குட்டி, கறி காணாது என்றார்கள். அடுத்த ஆடியில் ஊரிலிருந்து யாரோ பங்காளி செத்த செய்தி வந்தது, தீட்டு என்றார்கள். கிடா தின்றுகொண்டே இருந்தது.

அது தினமும் வேலியைத் தாண்டி அப்பேக்கின் கீரைப் பாத்தியில் இறங்கும். அவர் வாசலில் வந்து நின்று, "கம்பிங்! கம்பிங்!" என்று கத்துவார். மலாயில் கம்பிங் என்றால் ஆடு. பாவம், அவருக்கும் அதை அடிக்கப் பயம். அடுத்தவர் சாமியோடு எதற்கு வம்பு என்பார்.

கட்டவும் கூடாது, அடிக்கவும் கூடாது. அப்படியானால் என்ன செய்வது? கூடவே ஒரு ஆள் போக வேண்டும். அந்த ஆள் நான்.

பாவாடை

அண்ணன் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். என்னையும் சேர்ப்பதாகச் சொல்லி அம்மா ஒரு பச்சைப் பாவாடைகூடத் தைத்து வைத்திருந்தாள். கிடாவுக்குப் பின்னால் போக ஆள் வேண்டும் என்றதும், "கிடாக் கடன் தீரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

நான் விடவில்லை. பால் கறக்கும்போது கேட்பேன், சைக்கிளைத் துடைக்கும்போது கேட்பேன். "எப்பப்பா பள்ளிக்கூடம்?"

"கிடா வெட்டினதும் தாயி."

"கிடா எப்பப்பா வெட்டுறது?"

"சாமி எப்பச் சொல்லுதோ அப்ப."

அண்ணன் சாயங்காலம் பலகையை மடியில் வைத்து எழுதும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் எழுதிப் பார்ப்பேன். கிடா வந்து அந்த எழுத்தின் மேலேயே புழுக்கை போடும். வேண்டுமென்றுதான் போடும், சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

ஒரு நாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பச்சைப் பாவாடையைத் தின்றுவிட்டது. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனுஷனைக் கடித்தது என்பார்களே, இங்கே ஆடே வந்து மனுஷியைக் கடித்துவிட்டது. நான் போய்ப் பார்க்கும்போது நாடா மட்டும் அதன் வாயோரம் தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். அது அந்தப் பக்கம் இழுத்தது. "விடுடி, சாமி பிரியப்பட்டுச் சாப்பிடுது" என்றாள் அத்தை.

சாமி பிரியப்படுவதற்கு என் பாவாடைதானா கிடைத்தது?

ஆகவே இந்த வருஷ ஆடியில் தீட்டு இல்லை, தடங்கல் இல்லை, நிச்சயம் வெட்டு என்று அப்பா சொன்னபோது, நான் மனதுக்குள் துள்ளினேன். அம்மா புதுப் பாவாடை எடுத்தாள். படையல் அன்று காலையில் எனக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, முடியை விரித்துக் காயவிட்டு, "நாளைக்கு அண்ணன்கூடப் போ" என்றாள்.

இப்போது சொல்லுங்கள். அந்தக் கிடா சிலுப்பாமல் பூத் தின்றால் எனக்கு எப்படி இருக்கும்?

யார் மனதில் என்ன குறை

குடம் காலியாகி, கிணற்றிலிருந்து மறுபடி கொண்டுவந்தார்கள். காதில் ஊற்றிப் பார்த்தார்கள். வாலில் தெளித்துப் பார்த்தார்கள். கிடா குளியல் சுகத்தில் கண்ணை மூடிக்கொண்டது. அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பசி அவர்கள் முகத்தில் தெரிந்தது.

எங்கள் பூசாரி மற்ற நாளில் மாட்டுவண்டி ஓட்டுகிறவர். பொறுமைசாலி. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எங்கள் குடும்பத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"யாரோ மனசுல குறை வச்சிருக்கீங்க. இந்தக் கிடா விசயமா எதையாச்சும் மறைச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. சாமி முன்னால என்ன வெக்கம்?"

பிறகு அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"அது ஒண்ணுமில்ல... நம்ம லட்சுமி கன்னு போட முடியாம கெடந்துச்சே, அன்னைக்கு மனசு கேக்காம, தோட்டத்துக் காளியம்மாளுக்கு ஒரு கிடா வெட்டுறேன்னு சொல்லிட்டேன்."

"எந்தக் கிடா?" என்றாள் அம்மா.

"நம்மகிட்ட எத்தனை கிடா இருக்கு?"

"அடப் பாவி மனுஷா! உங்க உசிருக்கு நேந்த கிடாவ மாட்டுக்கு நேந்தீங்களா?"

"நெருக்கடியில வேற எதைச் சொல்றது? கோழின்னா காளியம்மா ஒத்துக்குவாளா?"

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கயாச்சும் இந்த அநியாயம் உண்டா தம்பி! ஒருத்தருக்குக் குடுத்ததை..." என்று ஆரம்பித்தவள், பூசாரி தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் பாதியில் நிறுத்திவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லு ஆத்தா" என்றார் பூசாரி.

"பல்லு வலி உசிரு போச்சு. மதுரை வீரன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன்."

"வலி நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? பல்லைப் புடுங்கினதும்தான் நின்னுச்சு."

"அப்ப அந்த நேத்தி செல்லாதுக்கா" என்றார் அப்பா அவசரமாக.

"எப்படிடா செல்லாம போகும்? புடுங்கும்போது உசிரு போகாம காப்பாத்தினது யாரு?"

இதற்குள் அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான். அம்மா அவன் காதைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். பரீட்சைக்கு முதல் நாள் அவனும் இந்தக் கிடாவை நேர்ந்திருக்கிறான். யாருக்கு? பிள்ளையாருக்கு.

பூசாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! பிள்ளையாருக்குக் கிடாவா?"

"டேய், கொழுக்கட்டைன்னு சொல்லத் தெரியாதாடா உனக்கு?" என்று அம்மா அலறினாள்.

"கொழுக்கட்டை மூணாம் வகுப்புக்குச் சொன்னதும்மா. இது நாலாம் வகுப்பு. கஷ்டமா இருந்துச்சு."

வேலியோரம் அப்பேக் நின்றுகொண்டிருந்தார். கிடா போய்ச் சேருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கொத்தமல்லிக் கட்டோடு வந்திருந்தார். என்ன கலவரம் என்று கேட்டார். அப்பா தமக்குத் தெரிந்த மலாயில் விளக்கினார். அப்பேக் தலையைச் சொறிந்தார்.

"சாயா பூன் மிந்தா லா" என்றார் மெதுவாக.

நானும் வேண்டிக்கொண்டேன் என்கிறார். இந்தக் கம்பிங் சீக்கிரம் ஒழிந்தால், அதில் ஒரு தொடை உனக்கு என்று அவருடைய தோட்டத்துச் சாமிக்கு ஊதுவத்தி கொளுத்தி வாக்குக் கொடுத்திருக்கிறார்.

பூசாரி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு கிடா, அஞ்சு சாமி. எங்கப்பன் காலத்துல இருந்து பூசை வைக்கிறோம். இப்படி ஒரு குடும்பத்தை நான் பாத்ததே இல்ல" என்றார். அப்புறம் எழுந்து தீர்ப்புச் சொன்னார். "இன்னைக்கு வெட்ட முடியாது. பிள்ளையாரை விட்டு மத்த சாமிங்களுக்கும் ஆளுக்கொரு கிடா வாங்கி நேந்து விடுங்க. எல்லாத்தையும் சேத்து அடுத்த ஆடிக்குப் பாப்போம்."

"அத்தனையையும் யாரு மேய்க்கிறது?" என்றாள் அம்மா.

அப்பா கூசாமல் சொன்னார். "பாக்கியம் இருக்கா. அவ பாத்துக்குவா."

பாக்கியம் என்பது நான்.

எனக்கு வந்தது

எனக்கு வந்தது கோபம். இதை நான் அன்றும் சொல்லத் தயாராக இருந்தேன், யாரும் கேட்கவில்லை. ஒரு கிடா போதாதென்று கிடாக் கூட்டமா? இன்னும் ஒரு வருஷமா? உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. பல்லைக் கடித்தேன். தரையை உதைத்தேன். "முடியாதூ!" என்று ஒரு கத்துக் கத்தினேன்.

தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, முனியாண்டி முன்னால், ஆடி மாசத்தில் ஒரு பெண் நடுங்கிக் கத்தினால் படையலுக்கு வந்திருந்த உறுமி மேளக்காரருக்கு என்ன தோன்றும்? அவர் பாட்டுக்கு அடிக்க ஆரம்பித்துவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள்.

பூசாரி விபூதித் தட்டோடு ஓடிவந்து, "யாரு வந்திருக்கிறது?" என்றார்.

பிறந்ததிலிருந்து என்னைப் பார்க்கிற மனுஷன் யாரு என்று கேட்டால் எரிச்சல் வராதா? "யாருன்னு உனக்குத் தெரியல?" என்று கத்தினேன்.

பெரியவரை 'உனக்கு' என்று சொன்னதும் கூட்டம் சந்தேகமறத் தீர்மானித்துவிட்டது. எங்கள் வீட்டுப் பெண் அப்படிப் பேசமாட்டாளாம்.

"தெரியுது சாமி, தெரியுது. உனக்கு என்ன குறை? என்ன வேணும், சொல்லு."

என் ஆயுசிலேயே முதல்முறையாக ஒருவர் என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறார். விடுவேனா?

"பள்ளிக்கூடம்! நாளைக்கே பள்ளிக்கூடம் போகணும்!"

"பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுது" என்று பூசாரி கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னார். "அனுப்பிடுறோம் சாமி. இந்தக் கிடாவை என்ன பண்றது?"

"வெட்டுங்க! எல்லா சாமிக்கும் சேத்து இன்னைக்கே வெட்டுங்க!"

அத்தை நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தாள். அப்போதுதான் விஷயம் எனக்கு உறைத்தது. உறைத்த மறுகணம் அம்மா சாமியை மலையேற்றுவதற்காக ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அப்படியே என் தலையில் கவிழ்த்தாள். பாதி எனக்கு. பாதி பக்கத்தில் நின்ற கிடாவின் முகத்தில் அறைந்து மூக்குக்குள் ஏறியது.

கிடா தும்மியது. கொம்பிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது.

அப்புறம் எழுந்த குலவை கிள்ளான் கடைத்தெருவரை கேட்டிருக்கும்.

கறியைச் சாமிகளுக்குப் பங்கு வைத்துப் படைத்தார்கள். பிள்ளையாருக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கொழுக்கட்டை. அப்பேக் தம் சாமிக்குச் சொன்ன தொடையை வாழை இலையில் சுற்றி வாங்கிக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டே போனார். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை. "இன்னுங் கொஞ்சம் கறி வச்சுக்கங்க" என்றாள் அத்தை என்னைப் பார்த்து.

சைக்கிளோடு நடந்தது

மறுநாள் காலை அண்ணன், சாமி வந்த தங்கச்சியோடு போக வெட்கப்பட்டுக்கொண்டு, முன்னால் ஓடிவிட்டான். அப்பாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பால் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் நடந்தார். புதுப் பாவாடையைப் புழுதி படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார்.

"பாக்கியம், நேத்து வந்தது யாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் குரலில் பயமே இல்லை.

"நான்தாம்ப்பா."

"தெரியும்" என்றார். "முனியாண்டின்னா சுருட்டு கேப்பாரு, சாராயம் கேப்பாரு. பள்ளிக்கூடம் கேக்குற சாமிய நான் பாத்ததில்ல."

"தெரிஞ்சும் ஏம்ப்பா பேசாம இருந்தீங்க?"

அப்பா சைக்கிளை நிறுத்தினார். என்னைப் பார்க்காமல், பால் பாத்திரத்தின் கயிற்றைத் தேவையில்லாமல் இழுத்துக் கட்டினார்.

"நீ நீயா கேட்டப்பல்லாம் நான் குடுக்கலயே தாயி."

பள்ளிக்கூட வாசலில் என்னை வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டு, பால் திரிந்துவிடும் என்று சொல்லி, சைக்கிளில் ஏறி வேகமாக மிதித்துக்கொண்டு போனார்.